கூட இருந்த செலவு

எங்கள் பொருளாதாரத் துறையில் விரிவுரையாளராக இருந்த அந்த அம்மாவைத் தேடி யார் வந்தாலும் அட்டெண்டர் சேது ஒரே பதில்தான் சொல்வார்: "அவுக ஆஸ்பத்திரியில இருக்காக." பொய் இல்லை. ஆனால் கேட்டவர்கள் பதறிப்போவார்கள். ஒரு முறை தேனிப் பக்கத்திலிருந்து அவருடைய சித்தப்பா வந்தார். சேது சொன்னதைக் கேட்டதும் மனிதர் வேறெதுவும் விசாரிக்கவில்லை. திரும்பிப் பஸ் ஏறி, ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், பெண்கள் வார்டில் கட்டில் கட்டிலாகத் தேடியிருக்கிறார். கடைசியில் வெளிநோயாளிகள் வரிசைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து யார் வீட்டுப் பிள்ளையையோ மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அண்ணன் மகளைக் கண்டுபிடித்தார். எனக்கு ஒன்றுமில்லை, வேலையாக வந்திருக்கிறேன் என்று இவர் சொல்ல, பொருளாதாரம் படித்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரித் தரையில் என்ன வேலை என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. கொண்டுவந்த ரொட்டியைச் சுற்றி இருந்தவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

சித்தப்பாவைச் சொல்வானேன், எனக்கே விளங்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் அந்தத் துறையில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மதுரைக்கு மேற்கே பொட்டலில் நின்ற பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டிய சேலை கசங்கிவிடும். போனால் அந்த அம்மாவின் நாற்காலி காலியாக இருக்கும். எனக்கு ஒதுக்கியது அதே அறை. வேலை சொல்ல வேண்டியவர் இல்லை, மின்விசிறியும் ஓடாது. நான் வாயைக் கட்டி வைத்திருக்கிற ஆள் இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் வந்ததும், வேலை கொடுக்கப் போகிறீர்களா, இல்லை நான் ஸ்வெட்டர் பின்னவா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். அதற்குள்ளிருந்து ஒரு துண்டையும் இரண்டு டம்ளரையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒரு டம்ளர் உனக்கு. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துரு."

எங்கே என்று கேட்டேன். "போயிப் பாத்துருவமே" என்றார்.

இந்த ஒரு சொல்தான் அவர். எதைக் கேட்டாலும் இதுதான் பதில். வகுப்பில் ஒரு மாணவன் கையைத் தூக்கி, கிராமத்து ஜனங்கள் படிப்பறிவில்லாமல் வைத்தியத்தை அலட்சியம் செய்கிறார்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்பான். அவர் புத்தகத்தை வாங்கி மூடி வைப்பார். "போயிப் பாத்துருவமே." அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சகதியில் நடந்துகொண்டிருப்பான். கேள்வி கேட்கிறவர்கள் வரவர வகுப்பில் குறைந்துபோனார்கள்.

எங்கள் துறையில் அப்போது நடந்த ஆராய்ச்சி இதுதான்: ஏழைக் குடும்பங்களுக்கு நோயினால் என்ன செலவாகிறது? துறைத் தலைவர் நல்ல படிப்பாளி. வெளிநாடு போய் வந்தவர். அவர் கணக்கு சுத்தமாக இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இனாம். ஆகவே பஸ் சார்ஜ், வெளியே வாங்கிக் குடித்த காப்பி, போன நாளுக்கு ஒரு நாள் கூலி, அவ்வளவுதான் செலவு. தாங்கக்கூடியதுதான். இதை அவர் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவார். அந்த அம்மாவும் முதல் வருஷம் அப்படித்தான் எழுதினாராம். பிறகுதான் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் ஒரு பெண்பிள்ளை சொன்ன வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது.

அவள் பேர் வெள்ளையம்மா. சொந்தமாகக் காணி நிலம் கிடையாது, நடவு, களை, அறுப்பு என்று போகிறவள். புருஷன் அழகுக்கு டி.பி. பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்குக் காரணம் 'அலட்சியம்' என்று எழுதியிருந்தது. ஏன் நிறுத்தினான் என்று இவர் போய்க் கேட்டபோது வெள்ளையம்மா சொன்னது:

"இனாம் ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்ல தாயி."

இதைத் துறையில் வந்து சொன்னபோது எல்லாரும் சிரித்தார்களாம். துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தாராம். இந்த அம்மா சிரிக்கவில்லை. மறுவாரமே மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் அவரோடு சுற்ற ஆரம்பித்ததும் தெரிந்த முதல் விஷயம், அவர் ஜீப்பில் ஏற மாட்டார். துறைக்கு ஒரு ஜீப் இருந்தது. அந்தக் காலத்தில் ஊருக்குள் ஜீப் நுழைந்தால் ஆம்பளைகள் வேலிக்கருவைக் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டுபோக வந்திருக்கிறார்கள் என்று பயம். பிறகு யாரிடம் போய்க் கேள்வி கேட்பது, கோழிகளிடமா? பஸ்தான் என்று சொல்லிவிட்டார். கேள்வித்தாளையும் அவர் முதல் நாள் பைக்குள்ளிருந்து எடுக்கவே மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு அதே பஸ்ஸில் ஏறுவார், அதே வரிசையில் உட்காருவார், அவர்களோடு திரும்பி வந்து ஊரில் இறங்குவார். எனக்கு இடுப்பு கழன்றுவிடும். மேலூர் தாண்டி, ஒத்தக்கடை தாண்டி, மாட்டுத்தாவணி வரும்போது சந்தை நாளாக இருந்தால் பஸ் நகராது. அப்போது அங்கே நிஜமாகவே மாடுதான் விற்றார்கள். நான் ஜன்னல் வழியாகக் கொம்புகளைப் பார்த்துக்கொண்டே என் தலைவிதியைத் திட்டுவேன். அவர் பக்கத்தில் இருமிக்கொண்டிருக்கும் கிழவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். இரண்டாவது டம்ளர் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியாஸ்பத்திரியில் எந்தச் சன்னலுக்குப் போனாலும் கேட்கிற முதல் கேள்வி, "கூட ஆரு வந்துருக்கா?" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அத்தனை கூட்டத்தில் சீட்டு வாங்க, எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டுபோக, மருந்து வாங்க, கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும்தானே. நோயாளி ஒருத்தர் என்றால் கூட இருப்பவர் ஒருத்தர். வேப்பமரத்தடியெல்லாம் அவர்கள்தான். அவர்களிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி, "சும்மாதான், கூட இருக்கேன்" என்பார்கள். துறைத் தலைவர் கணக்கிலும் அவர்கள் சும்மாதான் இருந்தார்கள். அவர் கணக்குத் தாளில் அவர்களுக்குக் கட்டமே கிடையாது.

"இம்புட்டுப் பேரு சும்மா இருந்தா ஊர்ல வேலைய ஆரு பாக்குறது?" என்று அவர் என்னைக் கேட்டார். வழக்கம்போலப் போய்ப் பார்த்தோம்.

அது ஐப்பசி மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்த வருஷம். வெள்ளையம்மாவிடம் இவர் என்ன பேசினாரோ, அழகு மறுபடி ஊசிக்கு வரச் சம்மதித்திருந்தான். தனியாகப் பஸ் ஏற அவனுக்குத் தெம்பு இல்லை, இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். வெள்ளையம்மா அணைத்துப் பிடித்துக் கூட்டிவந்தாள். நாங்களும் போனோம். ஊசி போட்டு, மாத்திரை வாங்கி, திரும்பி ஊரில் இறங்கும்போது பொழுது சாய்கிற நேரம். நடவு முடித்த பெண்கள் வரப்பில் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள்தான் நடவுக்கு ஆள் சேர்க்கிறவள். வெள்ளையம்மாவுக்குச் சொந்தக்காரிதான். அவள் நிற்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்:

"நாளைக்கு நீ வர வேணாம். ஒன் இடத்துக்கு ஆளு விட்டாச்சு."

வெள்ளையம்மா புருஷனைத் திண்டில் உட்காரவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு நாள் வராததற்கா என்று அந்தப் பெண்ணின் பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. நாற்றைப் பறித்துப் போட்டாயிற்று, நாத்து ஆருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காது என்றாள். வரிசையில் ஒரு ஆள் விழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவளைப் பாதியில் போகச் சொல்ல முடியாது, அந்தக் கண்மாய்ப் பாசனம் முழுக்க நட்டு முடிக்கிறவரை அவள்தான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பக்கத்து வழக்கம், நட்டவளுக்குத்தான் அறுப்பு. யார் நட்டார்களோ அவர்களைத்தான் தையில் அறுக்கவும் கூப்பிடுவார்கள். அறுப்புக்குக் கூலி நெல். அந்த நெல்தான் வருஷத்துக்குச் சோறு.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு நாங்கள் ஒரு நாள் கூலி என்று எழுதிக்கொண்டிருந்தோம். போனது ஒரு வருஷத்துச் சாப்பாடு. முந்தின வருஷமும் இப்படித்தான் போயிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அழகு இனி நான் ஊசிக்கு வரவில்லை என்று படுத்துக்கொண்டிருக்கிறான். அலட்சியமாம், மண்ணாங்கட்டி.

நாங்கள் திரும்பிப் பஸ் ஏறினோம். தன்னை நம்பி வந்த பெண்ணுக்கு இந்த வருஷ நெல்லும் போச்சே என்று அவர் குமைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். மேலூர் வந்ததும் சொன்னார். "ஊசி அங்கனயே போடணும். வேலைக்குப் போறதுக்கு முந்திப் போடணும். அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சுருவோம்."

அதற்கு ஒரு வழியும் இருந்தது. சுகாதாரத் துறையில் ஒரு குழு அப்போது இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தது: டி.பி. ஊசியைப் பெரியாஸ்பத்திரியில் மட்டும் போடுவதா, கிராமத்துப் பக்கம் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளிலும் போடலாமா? மதுரைக்கு வந்து போவது ஜனங்களுக்கு நிஜமாகவே பாரமா என்று எங்கள் துறையிடம்தான் கேட்டிருந்தார்கள். துறைத் தலைவர் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். பாரமில்லை, தாங்கக்கூடியது. கீழே அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இந்த அம்மா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

இவர் போடவில்லை. துறைத் தலைவர் முதலில் தன்மையாகத்தான் சொன்னார். ஒரு வெள்ளையம்மாவை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பண்ண முடியாது, கூட இருப்பதையெல்லாம் செலவு என்று எழுதினால் நாளைக்கு அம்மா பிள்ளைக்குப் பால் கொடுப்பதையும் செலவு என்பாயா, சொந்த பந்தம் சந்தையில் விற்கிற சரக்கா என்றார். வாதம் என்று பார்த்தால் அதிலும் நியாயம் இருந்தது. இந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளையம்மா போதாதுதான் சார், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

நடவு முடிவதற்குள் கண்மாய் கண்மாயாக அலைந்தோம். ஒரே கேள்விதான்: நடவில் ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும்? கேட்ட இடத்திலெல்லாம், இது தெரியாமலா படித்தாய் என்பது மாதிரி எங்களைப் பார்த்தார்கள். ஒரு ஊரில் சேற்றில் இறங்காமல் பேச மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். நான் நட்டது அத்தனையும் மிதந்தது. ஒரு கிழவி பின்னாலேயே வந்து, பட்டணத்துப் பிள்ளை நாற்றை நடவில்லை, தூங்கப்போட்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக ஊன்றினாள். வயல் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

குழு கூடிய நாளில் துறைத் தலைவர் அறிக்கையை வாசித்தார். இந்த அம்மாவைப் பேச அழைக்கவில்லை. அவராக எழுந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எல்லா ஊரிலும் கேட்டதைச் சொல்லி, ஊசியை அங்கேயே வேலைக்குப் போகிற நேரத்துக்கு முந்திப் போட வேண்டும் என்று இவர் முடித்ததும் அந்த அதிகாரி ஒன்று கேட்டார். விடிவதற்கு முன்னால் யாரம்மா ஆஸ்பத்திரியைத் திறந்து ஊசி போடுவார்கள்? இவர் சொன்னார், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் பேசியாயிற்று, அவர் வீடு பின்னால்தான், எழுத்தில் உத்தரவு வந்தால் திறக்கிறேன் என்றிருக்கிறார். துறைத் தலைவர் முகம் சிவந்துவிட்டது. ஆராய்ச்சி செய்யச் சொன்னால் இந்த அம்மா ஆஸ்பத்திரியே நடத்துகிறாளே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

உத்தரவு வந்தது. பரீட்சார்த்தமாக ஒரே ஒரு இடத்தில், கொட்டாம்பட்டிப் பக்கம். அறிக்கை இவர் பேர் இல்லாமலே அச்சானது. அந்த வருஷம் வர வேண்டிய ரீடர் பதவி உயர்வு இவருக்கு வரவில்லை. இந்த அம்மாவிடமே போய்க் கத்தினேன். "அழகு ஊசிக்குப் போறானா இல்லையா, அதச் சொல்லு" என்றார். போனான். விடியலில் தானே நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த ஐப்பசியில் வெள்ளையம்மா நடவு வரிசையில் தன் இடத்தில் நின்றாள்.

அந்த ஐப்பசியில்தான் இது நடந்தது. நான் என் தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தேன். புருஷன் தேறிவருவதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று, மழைக்கு நடவு நின்றிருந்த ஒரு நாளில், வெள்ளையம்மா வழி விசாரித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்திருக்கிறாள். சேது வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறார். அவுக ஆஸ்பத்திரியில இருக்காக. துறையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள், வழக்கம்போல வேலையாகப் போயிருக்கிறார் என்று. வெள்ளையம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவளும் சித்தப்பா மாதிரியே ரொட்டி வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாகத் தேடினாள்.

இந்த முறை அவர் கட்டிலில்தான் இருந்தார். அத்தனை நாள் அத்தனை பஸ்ஸில் இருமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது தொற்றாமல் விடுமா? ஒருவருக்கும் சொல்லாமல் தானே வந்து சேர்ந்திருக்கிறார். கூட ஆரு வந்துருக்கா என்று கேட்டதற்கு யாருமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சேதி தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது வார்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மழை வெறித்துவிட்டது, ஊரில் நடவு தொடங்கிவிடும், உடனே பஸ் ஏறு என்று அவர் மூச்சுவாங்க விரட்டுகிறார். வெள்ளையம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நெல்லு போனாப் போகுது, ஒத்தையில கெடக்குற ஒங்கள விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல தாயி என்கிறாள். இரண்டு பேரும் பிடிவாதக்காரிகள். அவர் கண்ணில் அப்படித் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. ஊசி ஊசியென்று நாயாய் அலைந்து இவள் இடத்தைக் காப்பாற்றியது தன் கட்டிலடியில் அது தொலையவா?

நான் மஞ்சள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். "நீங்க கெளம்புங்கக்கா. நான் இருக்கேன்" என்றேன். வெள்ளையம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நாற்றைத் தூங்கப்போட்ட கதை அவள் காதுக்கும் போயிருக்கும். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனாள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து, மறுநாள் வரிசையில் நின்றுவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

அன்று சாயங்காலம் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'சொந்த அலுவல் காரணமாக' என்று ஆரம்பித்தேன். அவர் கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"அத அடி. நோயாளி கூட இருக்கணும்னு எழுது. நம்ம துறைக்குள்ள ஒரு தடவையாச்சும் அது வரட்டும்."

அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் நாலைந்து நாளில் சேது கையில் வந்தது. நோயாளியுடன் கூட இருப்பது விடுப்பு விதிகளில் வராது, ஆகையால் வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்று துறைத் தலைவர் தன் கைப்படவே எழுதி, கீழே அடிக்கோடும் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசித்துக் காட்டி அந்த மனுஷனை வாயில் வந்தபடி திட்டினேன்.

அவர் கடிதத்தை வாங்கினார். ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார், நர்ஸ் வந்து அதட்டியும் நிறுத்தவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"பாத்தியா, சார் கையெழுத்தே போட்டுட்டாரு" என்றார், மூச்சு திரும்பியதும். "கூட இருந்தா செலவு உண்டுன்னு."

மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, டம்ளரை நீட்டித் தண்ணீர் கேட்டார்.